பசுமருது

பத்து நிமிஷம் ஆகும், மருந்து தீர்ந்ததும் மெஷின் சத்தம் மாறும், அப்போது கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். பத்து நிமிஷம். பதினொரு வருஷத்தில் இந்தப் பத்து நிமிஷத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன். வடிவு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, மூக்கும் வாயும் அந்தப் பிளாஸ்டிக் மூடிக்குள். அவளால் படுக்க முடியாது. படுத்தால் நெஞ்சில் ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறதாம். மெஷின் கிர்ரென்று ஓடுகிறது, மருந்துப் புகை வருகிறது, ஓரத்தில் கொஞ்சம் வீணாய்ப் போகிறது. ரப்பர் நாடா தளர்ந்திருக்கிறது, சொன்னால் நர்ஸ் முகத்தைக் காட்டுவாள், நானே இழுத்துக் கட்டினேன், போதும் என்று வடிவு கண்ணால் சொன்னாள். ஜன்னல் அவளுக்குப் பின்னால் இருக்கிறது. அதற்கு வெளியே அதுகள் நிற்கின்றன. வரிசையாக, ஒரே உயரத்தில், ஒரே பச்சையில், மாசி வெயிலுக்கு ஒரு இலைகூட வாடாமல். சுகாதார நிலையத்துச் சுற்றுச்சுவரை ஒட்டிப் பதினெட்டு மரம். எண்ணிப் பார்க்காமலே எனக்குத் தெரியும், குழி தோண்டும்போது பக்கத்தில் நின்றவன் நான்தான். மாநகராட்சிப் பூங்காப் பிரிவில் மரப் பதிவேடு என் பொறுப்பு. நோயாளிகளுக்கு நிழல் வேண்டும், ஆகவே இங்கே பதினெட்டுக் கன்று நடலாம் என்று குறிப்பு எழுதியவனும் நான்தான். எழுதின கை விளங்காமல் போக.

சட்டைப் பையில் போன் அதிர்கிறது. சகாயராஜ், எங்கள் கண்காணிப்பாளர். காலையிலிருந்து இது நான்காவது தடவை. எடுக்க மாட்டேன். எடுத்தால் என்ன கேட்பார் என்று தெரியும், கையெழுத்து ஆச்சா என்று கேட்பார். அந்தக் காகிதம் என் பையில் மடித்துக் கிடக்கிறது, பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டுமாம். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. கோனோகார்பஸ் என்கிற அயல்நாட்டு மரம் உங்கள் ஊரில் எத்தனை நிற்கிறது, எங்கெங்கே நிற்கிறது, எப்போது அகற்றுவீர்கள். மூன்று கேள்விக்கும் சேர்த்து சகாயராஜ் ஒரே வரியில் பதில் எழுதியிருக்கிறார். ‘எமது மாநகரில் மேற்படி மரம் ஏதும் இல்லை என்றும், இங்குள்ளவை பசுமருது எனும் நாட்டு மரவகையே என்றும் பதிவேட்டின்படி சான்றளிக்கிறேன்.’ சான்றளிக்கிறேன் என்பதற்குக் கீழே என் பெயர் இருக்கிறது, தில்லைநாயகம், இளநிலை உதவியாளர். அவர் பெயர் இல்லை. மூளை என்றால் அது மூளை. பதிவேடு என் கையில் இருப்பதால் பழியும் என் கையில். ஊர் பூராவும் நாலாயிரத்து முந்நூறு மரம் நிற்கிறது. பேருந்து நிலையத்தில் நிற்கிறது, பள்ளிக்கூட வாசலில் நிற்கிறது, எங்கள் வீட்டு வாசலிலும் இரண்டு நிற்கிறது. ஒரு பெயரை வைத்துக்கொண்டு அத்தனையையும் காகிதத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கப் போகிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், இவர்கள் பூசணித் தோட்டத்தையே மறைக்கிறார்கள். அகப்பையை மட்டும் என் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பெயர் நான் வைத்தது. இதைச் சகாயராஜிடம் சொல்ல வேண்டியதில்லை, அவர் மேஜையில் வைத்துத்தான் எழுதினேன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு சுற்றறிக்கை வந்தது, இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. இனி நாட்டு மரங்கள் மட்டுமே நடப்பட வேண்டும். பட்டியலின் நான்காம் கலத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் தமிழ்ப் பெயர் குறிக்கப்பட வேண்டும். தமிழ்ப் பெயர் இல்லாதவை நாட்டு மரமாகக் கருதப்படமாட்டா. இதை எழுதின மகராசனுக்கு ஒரு மரத்தையாவது நிமிர்ந்து பார்க்க நேரம் இருந்திருக்குமா. உருளைக்கிழங்குக்குத் தமிழ்ப் பெயர் இருக்கிறது, அது நம் நாட்டுக் கிழங்கா. அறிக்கை வந்த அன்றைக்கு லாரியும் வந்துவிட்டது. வெளிமாநிலத்துப் பண்ணையிலிருந்து இரண்டாயிரம் கன்று, கறுப்புப் பையில், இடுப்புயரத்துக்கு, எல்லாம் ஒரே அச்சு. மற்றவற்றுக்கு வேம்பு, புங்கை, பூவரசு என்று எழுதிக்கொண்டே வந்தேன், இதற்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. சார், இதுக்குத் தமிழ்ல பேர் இல்லை என்றேன். அவர் தலையைத் தூக்காமல் சொன்னார், “இல்லைன்னா வையும். எத்தனை பேர் பிள்ளைக்குப் பேர் வைக்கான். உமக்கு ஒரு மரத்துக்கு வைக்க வராதா?” எனக்குப் பிள்ளை இல்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்து சொன்னாரோ, வாய் தவறிச் சொன்னாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. பண்ணைக்காரன் கொடுத்த தாளில் இது மருதமரத்துக் குடும்பம் என்று போட்டிருந்தது. பசுமருது என்று எழுதினேன். எழுதிவிட்டுக் கொஞ்சம் பெருமைப்பட்டேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பயந்து எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை, நான் ரசித்து எழுதினேன். வீட்டுக்கு வந்து வடிவிடம் சொன்னேன். அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள், பசுமருது, பசுமருது, நல்லாருக்கே, நம்ம வச்ச பேருன்னு இருக்கட்டும் என்றாள். மிச்சம் விழுந்த கன்றில் இரண்டைக் கொண்டுவந்து வாசலில் நட்டோம். அரிசி களைந்த தண்ணீர் முழுக்க அதற்குத்தான் போனது.

அதற்கப்புறம் அந்தப் பெயர் என் கைக்கு அடங்கவில்லை. பெயர்ப்பலகை அடித்து மரத்துக்கு மரம் மாட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் ‘நம் மண்ணின் மரம் பசுமருது’ என்று கட்டுரைப் போட்டி வைத்தார்கள். பரிசு வாங்கின பெண், முன்னோர்கள் வயல் வரப்பில் இதை வளர்த்தார்கள் என்று எழுதியிருந்தாள், யார் முன்னோரோ. மன்றக் கூட்டத்தில் ஒரு தமிழ்ப் பேராசிரியரைக் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள், அவர் மருத நிலத்துக்கும் இந்த மரத்துக்கும் முடிச்சுப் போட்டு முக்கால் மணி நேரம் பேசினார், கைதட்டினவர்களில் நானும் ஒருத்தன். இரண்டாம் தெருவில் ஒரு மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி அடியில் கல்லை வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஆவுடையப்பன் இன்னொரு படி மேலே போனார். மருதம்பட்டைக் கஷாயம் நெஞ்சுக்கு நல்லது என்று எல்லாருக்கும் தெரியும், பெயரில் மருது இருக்கிறதே என்று வாசல் மரத்துப் பட்டையைச் சுரண்டிக் கொதிக்கவைத்து ஒரு மண்டலம் குடித்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அண்ணாச்சி, அது மருது இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், பிறகு ஏன் அப்படிப் பேர் வைத்தாய் என்று கேட்பார். நல்ல வேளை அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தார். ஒரு ஊரை ஏமாற்றுவதற்குப் பெரிய திறமை எதுவும் வேண்டாம். ஐந்து எழுத்தில் காதுக்கு இனிமையாக ஒன்று கொடுத்தால் போதும், மிச்சத்தை ஊரே பார்த்துக்கொள்ளும்.

வடிவு இருமுகிறாள். மூடிக்குள் இருமல் வேறு மாதிரிக் கேட்கிறது, கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி. முதுகைத் தடவிக் கொடுக்கிறேன். வியர்வையில் ஜாக்கெட் ஒட்டியிருக்கிறது, விலா எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்குகிறது. வெளியே பார்க்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன், கண் போய்விடுகிறது. மாசி பிறந்துவிட்டால் வேம்பு இலையைக் கொட்டும். பங்குனியில் செந்தளிர் விடும், சித்திரையில் பூக்கும். புங்கை மொட்டையடித்தாற்போல் நின்று ஒரே வாரத்தில் தழைத்துக்கொள்ளும். வாகையின் நெற்று காய்ந்து காற்றுக்குக் கிலுகிலுக்கும். அதது அததன் காலத்தில் கொட்டும், காயும், துளிர்க்கும். அதுதான் எங்கள் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. காரில் இலை விழுகிறது என்று மனு. வாசல் கூட்டி முடியவில்லை என்று மனு. காக்கை எச்சம் போடுகிறது என்று இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு, அதில் மூன்று பேர் பசுமைச் சங்க உறுப்பினர்கள். நிழல் வேண்டும், இலை விழக் கூடாது, பறவை உட்காரக் கூடாது, சீக்கிரம் வளர வேண்டும், தண்ணீர் கேட்கக் கூடாது. மரம் கேட்டார்களா, பந்தல் கேட்டார்களா. கேட்டதை நானும் கொடுத்தேன். முப்பது வருஷத்து வேம்பை வெட்டின இடத்தில் கொண்டுபோய் இதை வைத்தேன். இது எதையும் கொட்டாது. அக்னி நட்சத்திரத்தில் மற்ற மரமெல்லாம் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும்போது இது கை நீளத்துக்குத் துளிர் விடும். தண்ணீர் கேட்காது என்றார்கள், கேட்காதுதான், கேட்காமலே எடுத்துக்கொள்ளும், எங்கள் தெருவில் குடிதண்ணீர்க் குழாயை இரண்டு தடவை வேரால் நெரித்து உடைத்திருக்கிறது. ஆடி கடைசியில், சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு முன்னால், ஆள் விட்டுக் கத்தரிப்போம். ஒரு கிளை வெட்டின இடத்தில் ஐந்து கிளை வரும். புரட்டாசிக்குள் வெட்டின சுவடே இருக்காது. ஐப்பசியில் பூக்கும். மறுபடி மாசியில் பூக்கும். பூ என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், மிளகு அளவு பச்சை உருண்டை, நிறம் கிடையாது, மணம் கிடையாது. பூத்தது யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். பதிவேட்டில் மாசாமாசம் நான் எழுதுகிறேன், துளிர், உயரம், பூ, கத்தரித்த நாள். ஆபீஸுக்குப் பிப்ரவரி என்று எழுதினாலும் ஓரத்தில் மாசி என்று பென்சிலில் குறித்துவைப்பேன், மரத்துக்கு அதுதான் தெரியும் என்று.

பூத்தது எனக்குத் தெரியும், பெண்டாட்டிக்கு மூச்சு முட்டுவதும் எனக்குத் தெரியும், இரண்டும் ஒரே மாசம் என்பது மட்டும் பத்து வருஷமாகத் தெரியவில்லை. இதைவிட ஒரு மடையன் இருப்பானா. முதல் தடவை முட்டினபோது ஐப்பசி மழை, ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். தலைக்குக் குளித்தாய், அதனால்தான் என்றேன். அடுத்த மாசியில் மழை இல்லை, தயிர் என்றேன். தயிரை நிறுத்தினாள். பிறகு மல்லிகைப்பூ. யாரோ ஆபீஸில் சொன்னார்கள், பூ மணம் ஆகாதாம், சொல்லிவிட்டேன், அன்றோடு பூ வைப்பதை விட்டாள். கல்யாண வீட்டுக்குப் போனால் தட்டில் நீட்டின பூவை வாங்கிப் பக்கத்தில் இருக்கிறவளுக்குக் கொடுப்பாள், ஏன் என்று கேட்டால் அவுகளுக்குப் பிடிக்காது என்று சிரிப்பாள். சாம்பிராணி போயிற்று. பூனை போயிற்று. வெள்ளையும் பழுப்புமாக ஒன்று, அவள் காலடியிலேயே சுற்றும், பூனை முடிதான் காரணம் என்று நான் சாக்குப் பையில் போட்டு மீன் சந்தைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டேன். பையை வடிவுதான் பிடித்துக் கட்டிக் கொடுத்தாள். அவள் தங்கை வீட்டில் பழைய துணி மூட்டை நிறைய இருக்கிறது, தூசி, போகாதே என்றேன், போகவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தேன், ஒன்றும் நிற்கவில்லை, நிற்காதபோதெல்லாம் அவளைத்தான் திட்டினேன். எதையாவது தின்றிருப்பாய், சொல்லாமல் செய்திருப்பாய், உன் உடம்பை நீயே கெடுத்துக்கொள்கிறாய். ஒரு தடவைகூட அவள் திருப்பிச் சொன்னதில்லை. பொறுமை என்று நினைத்தேன். பொறுமையும் இல்லை ஒன்றுமில்லை. கோபப்படுவதற்கும் மூச்சு வேண்டுமே.

போன ஐப்பசியில் இதே கட்டிலில், இதே மெஷின். புதுசாக வந்திருந்த டாக்டர், சின்னப் பெண், வடக்கேயிருந்து வந்தவள், எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, உங்க வீட்டுப் பக்கம் கோனோகார்பஸ் மரம் இருக்கா சார், சில பேருக்கு அதோட மகரந்தம் ஒத்துக்காதுன்னு சொல்றாங்க, உறுதியாச் சொல்ல முடியாது, இருந்தா சொல்லுங்க என்றாள். நான் இல்லை என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிற்று. பத்து வருஷமாக ஆபீஸில் எல்லாருக்கும் சொல்லி வந்த பதில். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. மூச்சு வாங்க வாங்க வடிவு சொன்னாள், எங்க வீட்டு முன்னால பசுமருதுதான் டாக்டரம்மா, நாட்டு மரம், இவுக வச்சது. அந்தப் பெண் அப்படியா, நாட்டு மரம்னா நல்லதுதான் என்று சீட்டில் எதையோ அடித்துவிட்டுப் போய்விட்டாள். வடிவை வீட்டில் விட்டுவிட்டு ஆபீஸுக்குப் போனேன். பீரோவிலிருந்து வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்து, வடிவின் மருத்துவ நோட்டைப் பக்கத்தில் விரித்தேன். ஐப்பசி, ஐப்பசி. மாசி, மாசி. கத்தரிப்பு தள்ளிப்போன வருஷம் பூவும் இருபது நாள் தள்ளிப்போயிருந்தது, அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த தேதியும் இருபது நாள் தள்ளியிருந்தது. இரண்டும் என் கையெழுத்து. மருத்துவ நோட்டில் தேதி போடுவதும் நான்தான், எழுத்து அழகாக இருக்கும் என்று. இரண்டு நோட்டையும் மூடி வைத்துவிட்டுப் போய் டீ குடித்தேன். அவளிடம் சொல்லவில்லை. கார்த்திகையில் சொல்லவில்லை, மார்கழியில் சொல்லவில்லை. சொன்னால் வாசல் மரத்தை அன்றைக்கே வெட்டச் சொல்வாள், வெட்ட மனுப் போட வேண்டும், மனுவில் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுதினால் பதிவேட்டைத் தூக்குவார்கள், நான்காம் கலத்தை யார் நிரப்பினது என்பார்கள். மெமோ வரும், பதினேழு-பி குற்றச்சாட்டு வரும், ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. இப்படியெல்லாம் கோர்வையாக யோசித்தேன். ஆனால் உண்மையில் நான் பயந்தது அவள் முகத்துக்கு. நம்ம வச்ச பேரு என்று சொன்ன முகம். அடுத்த மாசிக்குள் எப்படியாவது ஏதாவது செய்துவிடலாம் என்று நினைத்தேன். மாசி வந்துவிட்டது.

போன் மறுபடி அதிர்கிறது. வராந்தாவுக்குப் போய் எடுத்தேன். “எங்கவே போய்த் தொலைஞ்சீரு? ஜீப்பு நிக்கி. ஒத்தக் கையெழுத்து, அதுக்கு இம்புட்டுச் சோலியா?” என்றார் சகாயராஜ். வீட்டுக்காரிக்கு முடியவில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்றேன். குரல் உடனே இறங்கிற்று. “அடடா. மறுபடியுமா? பாத்துக்கிடும். பனி ஒத்துக்காதுல்லா அவங்களுக்கு.” மாசி வெயில் மண்டையைப் பிளக்கிறது, பனியாம். “அப்ப ஒண்ணு செய்யும். அங்கயே கையெழுத்துப் போட்டு வாட்ஸப்புல அனுப்பும், தாளு பின்னால வரட்டும். பேர வச்சவரு நீரு, காப்பாத்தப்போறதும் அந்தப் பேருதான்” என்று சிரித்தார். சார் சார் என்று இரண்டு தடவை சொன்னேன். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை, முப்பது வருஷமாகச் சொல்லிப் பழகின அந்தச் சார். போனை வைத்ததும் சுவரில் தலையை மோதிக்கொள்ளலாம் போலிருந்தது. யார்மேல் கோபம் என்று தெரிந்தாலாவது நிம்மதியாகக் கோபப்படலாம். சகாயராஜ்மேல் படுகிறேன், பாதியில் நழுவிவிடுகிறது. சுற்றறிக்கை எழுதினவன்மேல், பண்ணைக்காரன்மேல், இலை விழக் கூடாது என்று மனுப் போட்ட இருபத்திரண்டு பேர்மேல், அந்த மரத்தின்மேல். மரம் என்ன செய்யும், எங்கேயோ கடற்கரைச் சேற்றில் தன்பாட்டுக்கு நின்றதைக் கொண்டுவந்து இங்கே நட்டால் இங்கே வளர்கிறது. அதற்கு யார் பெயர் வைத்தாலும் ஒன்றுதான். எல்லாரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என் கோபம் என் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறது.

உள்ளே வந்தபோது நர்ஸ் கையில் அட்டையோடு நின்றாள். புது நடைமுறையாம், எல்லாருக்கும் புது அட்டை எழுதுகிறார்கள். பெயர், வயது எழுதிவிட்டாள். மெஷினில் இன்னும் கொஞ்சம் மருந்து இருந்தது.

“அம்மா பேச வேண்டாம், நீங்க சொல்லுங்க சார். என்னென்ன ஒத்துக்காது?”

வடிவு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், சொல்லுங்கள் என்று. எனக்கு மனப்பாடமான பட்டியல். தயிர் என்றேன். எழுதினாள். மல்லிகைப்பூ என்றேன். ம் என்று எழுதினாள், பேனா அசைகிறது, அடுத்தது சொல்வேன் என்று காத்திருக்கிறாள். பூனை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

“அதெல்லாம் அடிச்சிருங்க சிஸ்டர்” என்றேன்.

“என்ன சார்?”

“தயிரும் ஒண்ணும் செய்யாது, பூவும் ஒண்ணும் செய்யாது. மரம்னு எழுதுங்க. கோனோகார்பஸ்.”

“அது எங்க இருக்கு?”

கையை நீட்டி ஜன்னலைக் காட்டினேன். “எங்க வீட்டு வாசல்லயும் ரெண்டு நிக்கி.”

வடிவு திரும்பிப் பார்த்தாள். உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது, மெல்லத் திரும்பினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூடியை இழுத்துக் கழுத்துக்கு இறக்கினாள், புகை அவள் தாடைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது.

“அது பசுமருதுல்லா” என்றாள்.

“இல்ல.”

“நீங்க வச்ச பேரு.”

“பேரு மட்டும்தான் நான் வச்சது. அது வேற மரம். வெளிநாட்டு மரம். அது பூக்கும்போதுதான் உனக்கு முட்டுது.”

“அம்மா, பேசாதீங்க, மூடியைப் போடுங்க” என்றாள் நர்ஸ். வடிவு அவளைப் பார்க்கவே இல்லை. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டாள்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்குக் காலையில் தெரிந்தது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள், பதினொரு வருஷமாக நம்பினவள்தானே.

“ஐப்பசியில.”

அவள் விரலை மடக்கிக்கொண்டு வந்தாள். கார்த்திகை, மார்கழி, தை, மாசி. நான்காவது விரலில் நின்றது. “அதான் திடீர்னு ஜன்னலச் சாத்தி வைன்னு சொன்னிய. தூசின்னிய.”

“ஆமா.”

“நேத்தும் தண்ணி ஊத்துனேன் அதுக்கு. நீங்க பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்திய. பாத்துக்கிட்டுத்தான இருந்திய.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குடத்தைத் தூக்க முடியாமல் செம்பு செம்பாகக் கொண்டுபோய் ஊற்றினாள், நடுவில் ஒரு தடவை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். அப்போதும் பக்கத்தைப் புரட்டினேன். மெஷின் சத்தம் மாறிற்று, மருந்து தீர்ந்துவிட்டது, யாரும் அதை நிறுத்தவில்லை. வடிவின் முகம் சிவந்திருந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. என்னைத் திட்டப் போகிறாள் என்று எதிர்பார்த்து நின்றேன், திட்டினால் எவ்வளவோ நன்றாக இருக்கும். அதற்குள் போன் அதிர்ந்தது. பையிலிருந்து எடுத்தேன், வெளிச்சத்தில் பெயர் தெரிந்தது, சகாயராஜ். அணைக்கப் போனேன்.

“யாரு?” என்றாள்.

சொன்னேன். கையெழுத்துக் கேட்கிறார் என்று சொன்னேன். காகிதத்தை எடுத்துக் காட்டினேன். வாங்கி அந்த ஒரே வரியைப் படித்தாள், உதடு அசையப் படித்தாள், பசுமருது என்ற இடத்தில் மட்டும் உதடு நின்றது. திருப்பிக் கொடுத்தாள்.

“எடுங்க. இங்கன வச்சே பேசுங்க, எனக்குக் கேக்கணும்.”

எடுத்தேன். “என்னவே, போட்டாச்சா?” என்றார்.

“சார்” என்றேன். அது மட்டும் வந்தது. வடிவு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கட்டில்காரர்கள் பார்த்தார்கள், நர்ஸ் அட்டையோடு நின்றாள். “சார், கையெழுத்துப் போட முடியாது. பசுமருதுன்னு ஒரு மரம் கிடையாது” என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“என்ன? சரியாக் கேக்கல. சத்தமாச் சொல்லும்.”

“சத்தமா” என்றாள் வடிவு.

மறுபடியும் சொன்னேன்.